கருப்பைத் தழும்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: வீட்டுப் பெரியவர்கள் அறிய வேண்டியவை

உங்கள் மகளோ மருமகளோ கருப்பைக்குள் இருந்த தழும்பை நீக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறாரா? பெரும்பாலும் வயிற்றில் காயம் இருக்காது. மெல்லிய கருவியைக் கருப்பை வாய் வழியாகச் செலுத்திச் சிகிச்சை செய்வார்கள். காயம் தெரியவில்லை என்பதால் எல்லாம் முடிந்ததாக எண்ண வேண்டாம். ஆறும்போது கருப்பைச் சுவர்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே தொடர் சிகிச்சை மிக அவசியம்.

தழும்பு ஏன் உண்டாகிறது?
கருச்சிதைவுக்கோ பிரசவத்திற்கோ பிறகு கருப்பையைச் சுத்தம் செய்தவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. 1948-இல் இதை விவரித்த மருத்துவர் ஜோசப் ஆஷர்மனின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இது அந்தப் பெண்ணின் குற்றமன்று. குழந்தை தாமதமாவதைச் சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்தாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி
• ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால், சொன்ன நாள்வரை சாப்பிட நினைவூட்டுங்கள். புதிய சவ்வு வளர அது உதவும்.
• சிலருக்குச் சுவர்கள் ஒட்டாதிருக்கச் சிறு பலூன் அல்லது வளையம் வைப்பார்கள். அதை எடுக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.
• சில வாரங்களில் மீண்டும் உள்ளே பார்த்துச் சோதிக்கலாம். உடம்பு நன்றாக இருந்தாலும் அழைத்துச் செல்லுங்கள்.
• மாதவிலக்கு வரும் தேதியையும் அளவையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் வலி இருந்தும் உதிரப்போக்கு இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை
பச்சை உடம்புக்காரிக்குச் செய்வதுபோல் வயிற்றை உருவிவிடுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். ஜாமு, நாட்டு மருந்து கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். தாம்பத்திய உறவும் மருத்துவர் அனுமதித்த பிறகே.

உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்
சில நாள்களுக்கு இலேசான உதிரப்போக்கும் வலியும் இருக்கலாம். ஆனால்:
• 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
• துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்
• ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் உதிரப்போக்கு
• தாங்க முடியாத வயிற்று வலி
• ஒரு கால் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம்

இவற்றில் எதுவானாலும் காஜாங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது 999-ஐ அழையுங்கள்.

மீண்டும் கருவுற்றால்
நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். பிரசவத்தில் கடும் உதிரப்போக்கு ஏற்படலாம். ஆகவே, அரசு சுகாதார கிளினிக்கில் பதியும் முதல் நாளிலேயே இந்த அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவமனை கொடுத்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.