வட்டு அணி திறக்க மறுத்தால்...

நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய லினக்ஸ் கணிப்பொறியை இன்று இயக்குகிறீர்கள். சேமிப்பிடத்தை 'மவுண்ட்' செய்ய இயலவில்லை என்ற செய்தி திரையில் தோன்றுகிறது. தகவல்கள் அழிந்துவிட்டனவா? பெரும்பாலும் இல்லை. ஆனால் பதற்றத்தில் நாம் இடும் ஒரு தவறான கட்டளை அவற்றை உண்மையிலேயே அழித்துவிடக்கூடும்.

பல வட்டுகளை இணைத்து ஒரே வட்டுப்போல் இயங்கச் செய்வதே வட்டு அணி. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையால் இது 'ரெய்டு' என்ற பெயரில் புகழ்பெற்றது.

இதன் தத்துவம் எளியது. ஒரு வட்டில் 5, மற்றொன்றில் 7, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 இருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் வட்டு பழுதானாலும் 12-லிருந்து 5-ஐக் கழித்து 7-ஐ மீட்கலாம் அல்லவா? ஐந்தாம் வகை ரெய்டு இரும எண்களில் இதையொத்த கணக்கைச் செய்கிறது.

ஒவ்வொரு வட்டிலும் ஓர் அடையாளக் குறிப்பு உண்டு. எந்த அணி, எத்தனையாவது இடம், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பன அதில் பதிந்திருக்கும். லினக்ஸ் அவற்றைப் படித்து முதலில் அணியைச் சேர்க்கிறது. பிறகே கோப்புகளைத் திறக்கிறது. பழுது எந்தப் படியில் என்று அறிவதே நம் முதல் வேலை.

'புராக்' அடைவிலுள்ள 'எம்டிஸ்டாட்' கோப்பைப் பாருங்கள். 'எம்டி0' என்றிருந்த அணி 'எம்டி127' என்று காணப்பட்டால், பெயர் மட்டுமே மாறியிருக்கிறது. 'எப்ஸ்டாப்' கோப்பில் பெயருக்குப் பதில் 'யூயூஐடி' என்னும் நிலையான அடையாள எண்ணைக் குறித்தால் போதும். அணி இயங்காமல் நின்றிருந்தால், கம்பி இணைப்புகளைச் சரிபாருங்கள். பின்னர் 'எம்டிஅட்ம்' நிரலின் 'எக்ஸாமின்' கட்டளையால் ஒவ்வொரு வட்டின் குறிப்பையும் படித்து, 'அசெம்பிள்' கட்டளையால் அணியைச் சேருங்கள். அணி இயங்கியும் கோப்புகள் திறக்கவில்லையெனில், பழுது கோப்பு முறைமையில் இருக்கலாம். முதலில் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் மவுண்ட் செய்து பாருங்கள்.

'கிரியேட்' கட்டளையை மட்டும் இடாதீர்கள்! அது பழைய குறிப்புகளை அழித்துப் புதியன எழுதும். வட்டுகளின் வரிசை மாறியிருந்தால், அடுத்து நடக்கும் மறுகணக்கீடு தகவல்களின் மீதே எழுதிவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அணி காப்பது வட்டின் பழுதிலிருந்துதான். நம் கைப்பிழையிலிருந்து அன்று. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலும் அழிந்தே போகும். ஆகவே முக்கியமான தகவல்களுக்கு வேறிடத்தில் ஒரு படி இருக்கட்டும்.