டின்னை அடுக்கி ஒரு தர்மம்: கப்பலூரில் நாமும் செய்யலாம்

விநாயகர் சதுர்த்தியன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகருக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகச் செய்து படைப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். குறுணிக்கு ஆறு படி, மூன்று குறுணிக்குப் பதினெட்டு என்பது அரிசிக் கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத கணக்கு. அந்தக் கொழுக்கட்டையைப் பார்க்கவென்றே கூட்டம் வருகிறது. பிறகு அது பிரசாதமாகப் பிரிந்து போகிறது. மார்கழியில் அஷ்டமி சப்பரம் வெளி வீதிகளில் வரும்போது வழியெங்கும் அரிசி தூவுவார்கள். எல்லா உயிருக்கும் இறைவன் படியளக்கும் விழா அது. சிந்திய அரிசியைப் பொறுக்கி வீட்டு அரிசிப் பானையில் போட்டு வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

உணவை முதலில் காட்சியாக வைத்து, பிறகு பசிக்குக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிய சங்கதி அல்ல என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறோம். ஏனென்றால் இங்கே எழுத வந்திருப்பது அமெரிக்காவில் பிறந்த ஒரு போட்டியைப் பற்றி.

அதன் பெயர் கேன்ஸ்ட்ரக்‌ஷன். 'கேன்' என்றால் டின், 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்றால் கட்டுமானம். இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். ஷெரி மெலில்லோ என்ற அம்மையார் முன்நின்று 1992-ல் தொடங்கியது. கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் நிர்வாக வேலை பார்ப்பவர்களின் சங்கம் இதற்குத் துணை நின்றது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பரவிவிட்டது. கட்டடக்கலைஞர்களும் பொறியாளர்களும் குழுவாகச் சேர்ந்து, சீல் உடைக்காத முழு டின்களை மட்டும் கொண்டு ஒரு உருவத்தைக் கட்டுகிறார்கள். மீன், கப்பல், பாலம், பொம்மை, எதுவாகவும் இருக்கலாம். அளவு மட்டும் பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரத்துக்குள் அடங்க வேண்டும். ஒரே இரவில் கட்டி முடிக்க வேண்டும். லேபிளைக் கிழிக்கக் கூடாது, நிரந்தரமாக ஒட்டும் பசை கூடாது. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய பலகை வைக்கலாம், ரப்பர் வளையம், நைலான் கயிறு பயன்படுத்தலாம். நடுவர்கள் வந்து கட்டுமானத் திறனுக்கு ஒரு பரிசு, லேபிளின் நிறத்தை நன்றாகப் பயன்படுத்தியதற்கு ஒன்று, எந்தக் குழுவின் சரக்கில் நல்ல சாப்பாடு அமையும் என்பதற்கு ஒன்று என்று கொடுக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களும் ஆளுக்கொரு டின் கொண்டு வருகிறார்கள். காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து, பசித்தோருக்கு உணவு வழங்கும் அமைப்பிடம் ஒப்படைத்துவிடுவார்கள். நியூயார்க்கில் அப்படி வாங்கிக்கொள்வது, 1982 முதல் இயங்கிவரும் சிட்டி ஹார்வெஸ்ட் என்ற அமைப்பு.

பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயரம் என்றதும் நமக்குக் கை கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. மூன்று அங்குல விட்டமுள்ள டின் ஒரு வரிசைக்கு நாற்பது, ஓர் அடுக்குக்கு 1,600. நாலேகால் அங்குல உயரம் என்றால் இருபத்திரண்டு அடுக்கு. இடைவெளியில்லாமல் நிரப்பினால் 35,200 டின். ஒன்று அரைக் கிலோ என்றால் பதினேழரை டன்னுக்கு மேல், பத்துச் சக்கர லாரி ஒன்றின் லோடு. யாரும் அப்படி நிரப்புவதில்லை. உள்ளே கூடாகவே விடுவார்கள். ஆனாலும் ஒரு குழுவுக்குச் சில ஆயிரம் டின் பிடிக்கும்.

இந்தப் போட்டிக்கு அந்த நாட்டிலேயே ஒரு ஆட்சேபம் உண்டு. "கடையில் சில்லறை விலைக்கு டின் வாங்கி அடுக்கிப் பிரித்துக் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தைக் கொடுத்தால் மொத்த விலையில் இன்னும் அதிகம் வாங்கலாமே" என்பது அது. நியாயமான ஆட்சேபம்தான். கட்டடக்கலைஞரிடம் கேட்டால் அவரிடம் இதற்குப் பதில் கிடைப்பது கஷ்டம். நம்மிடம் பதில் இருக்கிறது. மொத்த விலைக்காரரே நாம்தானே! நாம் கொடுக்கும் சிப்பம் கொள்முதல் விலையில் போகிறது. நடுவில் லாபம் வைத்து விற்க ஒருவருமில்லை. ஆகவே இந்தப் போட்டி அதைக் கண்டுபிடித்தவர்களைவிட நம் தொழிலுக்கே அதிகம் பொருந்தும் என்பது நம் எண்ணம்.

நம் முன்னோர் பொருளாகவும் கொடுத்தார்கள், மகமையாகவும் கொடுத்தார்கள். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடியரிசியிலும் நடந்த பள்ளி. அங்கே படித்தவர் காமராசர். பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று அவர் பின்னாளில் பிடிவாதம் பிடித்ததற்கும், பிடியரிசிப் பள்ளியில் படித்ததற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, நாம் உண்டென்றே நினைக்க விரும்புகிறோம்.

நிற்க. கப்பலூர் என்றதும் நம்மவர்களுக்குச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. இடத்தை மட்டும் பாருங்கள். நான்கு வழிச்சாலை ஓரம், திருமங்கலத்துக்குச் சற்று முன்னால். சிட்கோ தொழிற்பேட்டையில் கான்கிரீட் தரை போட்ட கொட்டகைகள் இருக்கின்றன. பாரம் தாங்கும், வண்டி வாசல்வரை வரும். கீழமாசி வீதியில் ஒரு லாரியை நிறுத்திச் சரக்கு இறக்குவது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளையும் கிட்டங்கியில் அட்டி போடும் நம் தொழிலாளர்களையும் ஒரே குழுவில் சேர்த்தால் எப்படியிருக்கும்! மூட்டை சரியாமல் கட்டுப் போட்டு அடுக்கும் வித்தை அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்த அளவு வரைபடத்துக்குத் தெரியாது.

குறை ஒன்றுதான். பொது ஜனம் கால்நடையாக வந்து பார்க்கும் இடமல்ல அது. பள்ளிப் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்து வர வேண்டியிருக்கும்.

இனி சரக்கு. அமெரிக்காவில் டின் உணவு அன்றாடச் சாப்பாடு. நம் கடைகளில் டின் என்றால் நெய், பால்பவுடர், ரசகுல்லா, அன்னாசி வில்லை, அப்புறம் பதினைந்து கிலோ எண்ணெய் டின். முதியோர் இல்லத்துச் சமையல்காரரிடம் போய் அன்னாசி வில்லை இருநூறு டின் இறக்கினால் அவர் நம்மைத்தான் பார்ப்பார். வாங்கிக்கொள்ளப் போகிற இல்லங்களை முதலில் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லப்போவது பெரும்பாலும் அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், ரவை, உப்பு, மிளகாய்த்தூள். அதை வைத்தே கட்டுவோம். நிறத்துக்குக் குறைவில்லை. உப்புப் பாக்கெட் வெள்ளை, பருப்பு மஞ்சள், மிளகாய்த்தூள் சிவப்பு, எண்ணெய் டின்னில் தகரப் பளபளப்பு. தெப்பக்குளத்து மைய மண்டபத்தை எண்ணெய் டின்னில் எழுப்பலாம். சதுர டின் செங்கல்லைப்போல நிற்கும். கோபுரம் மேலே போகப்போகக் குறுகுவதால் பயமில்லை. ஜல்லிக்கட்டுக் காளைக்கு ஆசைப்படுகிறவர்கள் நாலு காலையும் எதில் நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டு வரவும். அரிசி மூட்டையில் யானைமலை கட்ட மட்டும் கலைஞரே தேவையில்லை. ஜி.எஸ்.டி.க்குப் பயந்து 2022 ஜூலைக்குப் பிறகு நம் கடைகளில் குவிந்த 26 கிலோ மூட்டைகளே அந்த வடிவில்தான் கிடந்தன!

பாக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. டின் பாரம் தாங்கும், பாக்கெட் தாங்காது. பருப்புப் பாக்கெட்டை நாலைந்து வரிசைக்கு மேல் வெறுமனே அடுக்கினால் அடியில் உள்ளது பிதுங்கி முழுவதும் சாயும். அட்டைப் பெட்டியோடு அடுக்கி முகப்பில் மட்டும் பாக்கெட்டைக் காட்டலாம், அல்லது அடுக்குக்கு அடுக்கு ஒட்டுப்பலகை வைக்கலாம். எதுவானாலும் எட்டடி வேண்டாம், ஐந்தடியோடு நிறுத்துவது நல்லது. சுற்றிலும் கயிறு கட்டிப் பிள்ளைகளை இரண்டு கஜம் தள்ளியே நிறுத்த வேண்டும். எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் நாள் கணக்கில் டின்னைப் பார்வைக்கு வைத்திருப்பார்கள், எலி என்ன செய்யும்? நம் பருப்பைக் கொட்டகையில் மூன்று இரவு வைத்தால் முதல் பரிசை யார் வாங்குவார் என்று தெரிந்ததே. ஒரு இரவு கட்டுவது, இரண்டு பகல் காட்டுவது, இரண்டாம் நாள் மாலையே பிரிப்பது. நடுவில் வரும் இரவுக்குக் காவல். மாதம் தையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் நெய் உருகிவிடும்.

குழந்தைகளுக்கான பால்பவுடர் டின்னை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது. பார்க்க அழகான டின், அடுக்கவும் வாகு. ஆனால் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை விளம்பரப்படுத்துவதையும் நன்கொடையாக வழங்குவதையும் தடுக்கிறது. அனாதை இல்லங்களுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே விலக்கு. அந்த விலக்கை நம்பிக் காட்சியில் வைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது வரி. உறுப்பினர்கள் கூட்டத்தில் முதலில் எழப்போகும் கேள்வி இதுதான். நன்கொடையாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஐந்து சதவீதச் சரக்குக் கொடுத்தால், எடுத்திருந்த 500 ரூபாய் வரவைத் திருப்ப வேண்டும். காம்பொசிஷன் முறையில் இருக்கும் சிறிய கடைக்காரருக்கு வரவே இல்லாததால் இந்தத் தலைவலி இல்லை. வருமான வரியில் 80ஜி என்று நாம் பழகிய சலுகை பணமாகக் கொடுத்தால்தான் உண்டு, பொருளுக்கு இல்லை. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினாலும் இல்லை. புதிய வரிமுறைக்குப் போய்விட்ட தனிநபர்களுக்கு அதுவும் இல்லை. வேறு வழி ஒன்று உண்டு. உறுப்பினர்கள் காசோலையாக ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்து, அறக்கட்டளை நம்மிடமே கொள்முதல் விலைக்குப் பில் போட்டு வாங்குவது. அப்போது கடையில் அது சாதாரண விற்பனை. இதில் வரி மிச்சமாகும் என்று யாரும் எண்ண வேண்டாம், கணக்கு நேராக இருக்கும், அவ்வளவே. அவரவர் ஆடிட்டரை ஒரு முறை கேட்டுக்கொள்வது உத்தமம்.

இவ்வளவும் எளிது. கஷ்டமானதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாமும் சரக்குச் சேர்த்து டெல்டாப் பக்கம் அனுப்பினோம். லோடு ஏற்றுவதற்கு முன் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. பிஸ்கட் பெட்டிகளில் பாதி அந்த மாதக் கடைசியோடு தேதி முடிபவை. சில ஏற்கெனவே முடிந்தவை. சேமியாவில் வண்டு. கொடுத்தவர் யாரோ வழிப்போக்கர் அல்ல, நம் உறுப்பினர்கள்தாம். பெயர் இங்கே வேண்டாம். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால் கிரெடிட் நோட் வர ஆறு மாதம் ஆகும், இதற்கு அனுப்பினால் புண்ணியமாவது வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அன்று இரவு நாலு பேர் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தோம். விடிந்தபோது ஒதுக்கிய குவியல் லோடில் நாலில் ஒரு பங்கு இருந்தது. வண்டியில் கட்டிய பேனரில் மட்டும் நம் சங்கத்தின் பெயர் பெரிதாக இருந்தது.

கண்காட்சி என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். உருவத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. வெளியே தெரியும் லேபிள் புதிதாக இருந்தால் போதும். ஆகவே வாசலிலேயே ஒரு பதிவேடு வேண்டும். கடையின் பெயர், பொருள், எண்ணிக்கை, பேட்ச் எண், காலாவதித் தேதி. பிரிக்கும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் மிச்சமில்லாத சிப்பத்தை அடுக்க விடக்கூடாது. கொண்டுவந்தவர் சங்கத்தின் பொருளாளராக இருந்தாலும் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பதிவேட்டில் உட்காருகிறவர் சரக்குக் கொடுக்காத ஒருவராக இருக்கட்டும். இல்லத்துச் சமையல்காரர்களில் ஒருவரை அழைத்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அவர் முகத்துக்கு நேரே பழைய சரக்கை நீட்ட நமக்கு மனம் வராது.

பரிசுகளில் ஒன்றை அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லலாம். எந்தக் குழுவின் சரக்கில் ஒரு நாள் சமையல் முழுதாக முடியும் என்று அவர் சொல்லட்டும். அரிசி உண்டா, பருப்பு உண்டா, எண்ணெய் உண்டா, உப்பு உண்டா, புளி உண்டா? காளையின் கொம்புக்கு நம் நடுவர்கள் மயங்கலாம், அவர் மயங்க மாட்டார்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. கொட்டகை, ஒட்டுப்பலகை, காவல், இறக்குகூலி எல்லாம் சங்கத்தின் தனிக் கணக்கில் போக வேண்டும். சரக்குக்கு வந்த பணத்தில் ஒரு ரூபாயும் பேனருக்குப் போகக் கூடாது. முதல் முறை ஐந்து குழுக்கள் போதும். குழுவுக்கு ஒரு டன் என்றால் ஐந்து டன் சரக்கு. இரண்டாம் நாள் மாலை பிரிக்கும்போது வந்த பதிவேட்டை வைத்தே எண்ணி, சாய்ந்து உடைந்த பாக்கெட்டைத் தனியே குறித்து, எண்ணிக்கை சரியான பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு பத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேலைக்கு மாணவர்கள் நிற்பார்களா என்பது சந்தேகம். அட்டித் தொழிலாளர்களுக்கு அன்றைய கூலியை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.