சொத்தை விழாத பல்லுக்கும் ஈறு உண்டு

"இம்பிளான்ட் பல்லில் சொத்தை விழாது என்றார்களே, பிறகு ஏன் துலக்கும்போது ரத்தம் வருகிறது?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். சொத்தை விழாது என்பது சரிதான். எலும்புக்குள் இருப்பது டைட்டானியம் திருகு, வெளியே தெரிவது பெரும்பாலும் பீங்கான் கேப். சுற்றியுள்ள ஈறும் எலும்பும் மட்டும் அவருடையவை.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று கண்டவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1965இல் அவரிடம் முதன்முதலாக இம்பிளான்ட் பொருத்திக்கொண்ட யோஸ்டா லார்சன், 2006இல் இறக்கும்வரை அவற்றைப் பயன்படுத்தினார். எனவே திருகின் ஆயுளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வம்பு ஈறில்தான். இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் ஊன்றிப் பதிந்திருக்கும். இம்பிளான்ட்டில் அவை பதிய இடமில்லை. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பதுபோலச் சும்மா சுற்றி நிற்கும். அந்த இடுக்கில் அழுக்குப் படிந்தால் கிருமிகள் எலும்புவரை இறங்குவது சுலபம். பெரும்பாலும் வலியும் இருக்காது என்பதுதான் ஆபத்து.

இதில் விசித்திரமான குற்றவாளி ஒன்று உண்டு: சிமென்ட். கேப்பை ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட் ஈறுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரேயில்கூடப் பல நேரம் தெரியாது. 2009இல் அமெரிக்காவின் தாமஸ் வில்சன், ஈறுக்குள் நுழையும் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். அழற்சி கண்ட இம்பிளான்ட்களில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது! அதைச் சுரண்டி எடுத்ததும் 74 சதவீதத்தில் அழற்சி அடங்கியது. இந்தத் தொல்லைக்காகவே, சிமென்ட் இல்லாமல் ஸ்க்ரூவால் முடுக்கும் கேப்பைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

ஈறு மட்டும் சிவந்து ரத்தம் கசியும் கட்டத்தில், மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டு, வீட்டிலும் ஒழுங்காகத் துலக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரலாம். போன எலும்பு தானாகத் திரும்பாது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது இரண்டுக்கும் வைத்தியமல்ல. புகைபிடிப்பவர்களும் சர்க்கரை கட்டுப்படாதவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பல் வைத்துக்கொள்கிறவர்கள், பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ் வாங்க யோசிக்கிறார்கள். கேப் மாட்டி அனுப்பும் மருத்துவர்களில் சிலரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிளாஸ்டிக் பூசிய கம்பியுள்ள பிரஷ்ஷாகக் கேட்டு வாங்குங்கள். கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பின்னாளில் ஒப்பிட அதுதான் கைகொடுக்கும்.