பொற்கொல்லர் வெங்காரமும் நம் வீட்டுப் பலகையும்

சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தை ஒட்டி ஜாலான் காயு என்றொரு சாலை உண்டு. மலாயில் 'காயு' என்றால் மரம். இந்தப் பக்கம் முன்பு ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன; இன்று வானளாவிய அடுக்குமாடி வீடுகள். ஆனாலும் பால்மரம் நம்மை விட்டுவிடவில்லை. முன்பு பால் வற்றியதும் விறகாகிப் போன மரம், இப்போது மலேசிய ஆலைகளில் சில்லுகளாகிப் பசையோடு சேர்ந்து, அலமாரிப் பலகையாக நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

விறகாக எரிந்த மரம் பலகையானால் மட்டும் எரியாதா? 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பலகை வீடுகளும் அத்தாப்புக் கூரைகளும் பற்றி எரிந்தன. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். இன்று சுவர் கான்கிரீட்தான். உள்ளே இருக்கும் சாமான் மரமாயிற்றே!

இதற்கு மருந்து உண்டு. உண்மையில் எரிவது மரமன்று. சூட்டில் அது கக்கும் வாயுதான். அம்மோனியம் பாஸ்பேட் ஊட்டிய மரம் அந்த வாயுவைக் குறைவாகக் கக்கி, விரைவில் கரியாகிவிடும். அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. வெங்காரம் வேறொரு வழியில் காக்கும். பொற்கொல்லர் பற்றவைக்கும்போது அது கண்ணாடிபோல் உருகிப் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் மேலும் அப்படியே படர்ந்து காற்றைத் தடுக்கும். நாடகத் திரைச்சீலைகள் தீப்பிடிக்காமலிருக்க, பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் 1821-லேயே இவ்விரு உப்புகளையும் பரிந்துரைத்தார்.

மேலே பூசினால் போதாதா என்பீர்கள். தீத்தடுப்புப் பூச்சுகளும் உண்டு; ஆனால் சுரண்டினால் போயிற்று. ஒட்டுப்பலகையை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி, உப்புநீரை அழுத்திச் செலுத்துவதே உறுதியான முறை. சில்லுப் பலகைக்குச் சில்லுகளோடே மருந்தைக் கலந்துவிடுவார்கள். இரண்டுமே மழையில் நனையலாகாது, உப்பு கரைந்தோடிவிடும்.

ஒன்றில் ஏமாறாதீர்கள். ரப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம், வண்டு துளைக்கும். அதற்காக அறுத்தவுடன் போரான் மருந்து ஏற்றுவது வழக்கம். அந்த அளவு வண்டுக்குத்தான் காணும். தீக்குப் பல மடங்கு வேண்டும். "மருந்தடித்த பலகை" என்று கடைக்காரர் சொன்னால், எதற்கான மருந்து என்று கேளுங்கள். தீக்கென்றால் பி.எஸ். 476 என்ற பிரிட்டிஷ் சோதனையின் சான்று இருக்கும். அனல் முன் நிறுத்திய பலகையில் 10 நிமிடத்தில் சுடர் 165 மில்லிமீட்டருக்கு மேல் பரவாவிட்டால் அது முதல் வகுப்பு. மருந்தேறாத சாதாரணப் பலகை பெரும்பாலும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடும்.