மெட்டல் டிடெக்டருக்கு எந்த பேட்டரி?

மெட்டல் டிடெக்டர் செய்யக் கிளம்புகிறவர்கள் சர்க்யூட்டைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள். கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கையில் கிடைத்த 9 வோல்ட் பேட்டரியை மாட்டிப் பார்த்துவிட்டு ‘டயக்ராமே தப்பு’ என்று மூட்டை கட்டி வைப்பார்கள். பெரும்பாலும் டயக்ராம் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எளியது பி.எஃப்.ஓ. (பீட் ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர்) வகை. 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ஏறத்தாழ ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ஆசிலேட்டர்கள் ஓடும். ஒன்றின் காயில் தரையைப் பார்த்திருக்கும். பக்கத்தில் உலோகம் வந்தால் அதன் இண்டக்டன்ஸ் மாறும், கூடவே அதிர்வெண்ணும் நகரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஹெட்ஃபோனில் ஒலியாகக் கேட்கும். இண்டக்டன்ஸ் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினால் அதிர்வெண் நகர்வது வெறும் 5 ஹெர்ட்ஸ். பேட்டரி சற்றே தளர்ந்தாலும் ஆசிலேட்டர் அவ்வளவு நகர்ந்துவிடும். நகர்த்தியது உலோகமா பேட்டரியா என்று கேட்பவருக்குத் தெரியாது. அதனால் ஆசிலேட்டர்களுக்கு 7805 ரெகுலேட்டர் கட்டாயம். அதற்கு உள்ளே 7 வோல்ட்டாவது வர வேண்டும். 9 வோல்ட் பேட்டரி அதற்குக் கீழே இறங்கிய பிறகு கேட்கும் எந்த ஒலியையும் நம்ப வேண்டாம்.

பல்ஸ் இண்டக்‌ஷன் வகை இன்னும் சுவாரசியமானது. காயிலில் ஒரு கணம் மின்சாரத்தை விட்டுச் சட்டென்று துண்டிப்பார்கள். அப்போது அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, மெல்ல அடங்கும். அது அடங்குவதைச் சில பத்து மைக்ரோசெகண்ட் கழித்து அதே காயில் பிடித்துக்கொள்ளும். மணியை அடித்துவிட்டு ரீங்காரத்தைக் கேட்பது மாதிரி.

ஹைதராபாத் உப்பல் சாலையில் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே தத்துவத்தை ஹெலிகாப்டரில் ஏற்றி நிலத்தடி நீர் தேடியிருக்கிறது. அடியில் தொங்கும் பெரிய வளையம்தான் காயில். நம் கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் கீழ்ப்பகுதிக்கு மேலேயும் அப்படிப் பறந்து பார்த்தார்கள். அங்கே தேடியது உலோகத்தை அல்ல. களிமண், மணல், பாறை ஒவ்வொன்றும் மின்சாரத்தைக் கடத்துவதில் உள்ள வித்தியாசத்தை.

நம் பல்ஸ் வகையின் காயிலுக்கு வருவோம். 0.5 மி.மீ. எனாமல் செப்புக் கம்பியை 20 செ.மீ. விட்டத்தில் 26 சுற்று சுற்றினால் 16 மீட்டர் சொச்சம் பிடிக்கும். இண்டக்டன்ஸ் சுமார் 300 மைக்ரோஹென்றி, மின்தடை ஒன்றரை ஓமுக்குள். 12 வோல்ட்டை 250 மைக்ரோசெகண்ட் விட்டால் மின்னோட்டம் நாலு ஆம்பியரைத் தாண்டும். நொடிக்கு 100 துடிப்பு என்றாலும் காயில் ஓடுவது மொத்தம் 25 மில்லிசெகண்ட்தான், சராசரி 0.1 ஆம்பியருக்குள். இந்தச் சராசரியை மீட்டரில் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சின்ன 9 வோல்ட் பேட்டரி சராசரியைத் தாங்கும். நாலு ஆம்பியர் கேட்கும் கணத்தில் படுத்துவிடும்.

அந்தக் கணத்துக்குத்தான், காயிலுக்கு மின்சாரத்தை விட்டுத் துண்டிக்கும் ஸ்விட்சான மாஸ்ஃபெட்டை ஒட்டியே ஒரு பெரிய கெபாசிட்டர் வேண்டும். முழுத் துடிப்பையும் அதுவே கொடுக்க நேர்ந்தால் 1000 மைக்ரோஃபாரட் முக்கால் வோல்ட் இறங்கும். 2200 போடுங்கள், கால்களைக் குட்டையாக வெட்டி சால்டர் செய்யுங்கள். காயில் பிடிப்பதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ரெகுலேட்டரும் தனி கெபாசிட்டரும் வையுங்கள். துண்டிக்கும் கணத்தில் காயிலில் சில நூறு வோல்ட் எகிறும். 400 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப் 740 போடுவது அதனால்தான். ஓடும்போது காயில் முனைகளைத் தொடாதீர்கள்.

யூ.பி.எஸ்.ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியே என் தேர்வு. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், தோள்பையில் போட்டுக்கொள்ளலாம். வயரில் ஃபியூஸ் மறக்கக் கூடாது. லித்தியம் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் எடை குறையும். பாதுகாப்பு போர்டும் அதற்கே உரிய சார்ஜரும் வேண்டும். செல்ஃபோன் சார்ஜர் மாதிரியான ஸ்விட்சிங் சப்ளை வேண்டாம், அதன் இரைச்சலே உலோகமாகக் கேட்கும்.

பாகங்கள் ஹைதராபாத் கோட்டியில் குஜராத்தி கல்லியில் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு. சோதிக்க இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் நம்பாதீர்கள். அது காந்தத்தில் ஒட்டும் எஃகு, செம்பு மாதிரி நடந்துகொள்ளாது. பித்தளைச் சாமான் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தின் சிவந்த மண்ணில் இரும்பு ஆக்ஸைடு உண்டு, பி.எஃப்.ஓ. அங்கே வெறும் தரைக்கே சத்தம் போடலாம், பல்ஸ் வகை அவ்வளவு மிரளாது.

கோல்கொண்டா பக்கம் மட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். வேறெங்காவது மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டாலும், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.