தெளிந்த திரவத்தில் மறையும் கிருமி: செல் வளர்ப்புக் கூடங்களின் ஓயாத காவல்

புது தில்லி: கரோனா இரண்டாவது அலையின்போது தடுப்பூசி எப்போது கிடைக்கும் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. அந்நாளில், 2021 ஜூன் மாத இறுதியில், மத்திய அரசு வெளியிட்ட ஓர் அறிவிக்கை அதிகக் கவனம் பெறவில்லை. புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம், தடுப்பூசிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய மருந்து ஆய்வகமாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஹைதராபாதில் உள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் அதே தகுதி கிடைத்தது. அதுவரை இந்தப் பணி முழுவதையும் சுமந்துகொண்டிருந்தது, இமாசலப் பிரதேச மலைநகரமான கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகம் மட்டுமே.

செல்களை ஆராயும் நிறுவனத்திடம் தடுப்பூசிச் சோதனையை ஒப்படைத்ததில் வியப்பில்லை. இன்றைய தடுப்பூசிகளில் பல, உயிருள்ள செல்களில்தான் உருவாகின்றன. கசௌலியில் 1911-ல் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. கடுமையான நரம்புப் பாதிப்புகள் காரணமாக 2004 இறுதியில் இந்தியா அதைக் கைவிட்டது. அதன் இடத்தில் வந்தவை செல் வளர்ப்பில் உருவாகும் தடுப்பூசிகள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட 'வீரோ' செல்களே அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, கோவேக்சினுக்கும் அதுவே.

37 டிகிரி வெப்பம், சர்க்கரை, அமினோ அமிலங்கள், கன்றின் சீரம். செல்களுக்காகப் பரிமாறப்படும் இந்த விருந்து, அழையாமல் வரும் பாக்டீரியாவுக்கும் விருந்துதான். விலங்குச் செல் ஒன்று இரண்டாகப் பெருகச் சுமார் ஒரு நாள் பிடிக்கும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்கு, சாதகமான சூழலில், 20 நிமிடங்கள் போதும். மாலையில் ஒன்றிரண்டு நுழைந்தாலும் மறுநாள் காலையில் குடுவை அவற்றின் வசமாகிவிடும்.

இத்தகைய பாக்டீரியாவைப் பிடிப்பது எளிது. வளர்ப்புத் திரவத்தில் பீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி கலந்திருக்கும். பாக்டீரியா பெருகி அமிலத்தை வெளியிட்டால் சிவப்பு மஞ்சளாகும்; திரவம் கலங்கும். ஆய்வாளர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே போதும்.

கண்ணுக்குத் தப்புவது

மைக்கோபிளாஸ்மாவின் கதை வேறு. இதுவும் பாக்டீரியா இனமே. ஆனால் இதற்குச் செல் சுவர் கிடையாது. அந்தச் சுவரைத் தாக்கும் பென்சிலின் இதை எதுவும் செய்வதில்லை. உருவம் மிகச் சிறிது, உடலோ நெகிழ்வானது என்பதால், கிருமிகளை நீக்கப் பயன்படும் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் இது நுழைந்து வெளியேறக்கூடும். ஒரு மில்லி லிட்டரில் கோடிக்கணக்கில் பெருகியபோதும் திரவம் தெளிவாகவே இருக்கும். செல்கள் சாவதும் இல்லை. அவற்றின் உணவைத் தின்று, வளர்ச்சியையும் மரபணுச் செயல்பாட்டையும் மாற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் அவற்றோடு குடித்தனம் நடத்தும். செல் வளர்ப்பில் இதன் இருப்பு 1956-ல்தான் முதலில் பதிவானது. உலகின் ஆய்வுக்கூடங்களில் வளரும் செல்களில் 15 முதல் 35 சதவீதம் வரை இதன் பிடியில் இருக்கலாம் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது.

இது வரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு: ஆய்வாளரின் வாயும் கன்றின் சீரமும். 2021 ஜூனில் கோவேக்சினில் கன்றுக்குட்டி சீரம் இருக்கிறதா என்று சர்ச்சை எழுந்தது. செல்களை வளர்க்க மட்டுமே அது பயன்படுகிறது, இறுதித் தடுப்பூசியில் இல்லை என்று அரசு விளக்கம் அளித்தது. சீரத்தோடு எந்த நுண்ணுயிரி வரக்கூடும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

கண்டுபிடிக்க மூன்று வழிகள் உள்ளன. பழைய முறையில், மாதிரியைத் தனி ஊடகத்தில் இட்டு 28 நாள்கள் காத்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் பொரித்த முட்டை வடிவத்தில் கூட்டங்கள் தென்பட்டால் ஐயமில்லை. சில வகைகள் அந்த ஊடகத்தில் வளர மறுக்கும். அவற்றுக்காக, தூய்மையான வீரோ செல்களில் மாதிரியைச் சேர்த்து, சில நாள்களுக்குப் பின் மரபுப்பொருளை ஒளிரச் செய்யும் சாயத்தை இடுகிறார்கள். நல்ல செல்லில் உட்கரு மட்டும் ஒளிரும். தொற்றிய செல்லில் உட்கருவைச் சுற்றியும் மண் தூவியதுபோல் புள்ளிகள் மின்னும். மூன்றாவது, கரோனா காலத்தில் ஊரெல்லாம் அறிந்த பிசிஆர். சில மணி நேரத்தில் விடை தரும். ஆனால் செத்த கிருமியையும் உயிருள்ளதையும் அதனால் பிரித்தறிய முடியாது.

இருபது குப்பிகள்

இறுதியாகக் குப்பியில் அடைத்த தடுப்பூசிக்கும் சோதனை உண்டு. இரு வகை ஊடகங்களில், இரு வெப்பநிலைகளில், 14 நாள்கள் வைத்துப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான குப்பிகள் கொண்ட ஒரு தொகுதியில் இதற்காக எடுக்கப்படுபவை வழக்கமாக 20. நூறு குப்பிக்கு ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இருபதைச் சோதித்து அதைப் பிடிப்பதற்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதமே. அதாவது ஐந்தில் நான்கு முறை அந்தத் தொகுதி தேர்ச்சி பெற்றுவிடும்.

ஒரு குப்பி என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே பழைய சான்று உண்டு. 1902 அக்டோபரில், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். கிருமி ஆய்வகத்தில் புகுந்ததா, கிராமத்தில் குப்பியைத் திறக்கும்போது புகுந்ததா என்ற வழக்கில் பழி சுமந்த விஞ்ஞானி ஹாஃப்கின், 1907-ல்தான் மீண்டார்.

ஆகவேதான் உற்பத்திக் கூடத்தின் ஒழுங்கையே சட்டம் முதலில் பார்க்கிறது. 2008 ஜனவரியில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், சென்னை கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டதற்கு, நல்ல உற்பத்தி நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. குறைகளைக் களைய நிதியும் அவகாசமும் தராமல் பூட்டியது சரியா என்பது வேறு கேள்வி. அதை 2009-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை கடுமையாகவே எழுப்பியது. 2010 பிப்ரவரியில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்தக் கண்டிப்பு மருந்து உற்பத்திக்கு மட்டுமே. புற்றுநோய் மருந்துகளையும் வைரஸ்களையும் செல்களில் ஆராயும் பல்கலைக்கழகக் கூடங்களுக்கு அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. புணே மையத்தின் தேசியச் செல் களஞ்சியம் ஆய்வுக்கூடங்களுக்குச் செல்களை வழங்குகிறது. எனினும் பக்கத்துக் கூடத்து நண்பரிடம் ஒரு குடுவை வாங்கி வருவது எங்கும் உள்ள பழக்கம். அப்படி வரும் குடுவையைச் சோதனை முடியும்வரை தனி வளர்ப்புப் பெட்டியில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. அதற்கு இரண்டாவதாக ஒரு பெட்டி வேண்டும். அதை வாங்க நிதியும் வேண்டும்.