அடைக்கலமாய்க் கொடுத்த அந்தரங்கம்

பெற்ற தாயிடமும் கட்டிய மனைவியிடமும் சொல்லத் தயங்கிய சங்கதியைக்கூட, முன்பின் அறிமுகமில்லாத ஒரு மருத்துவரின் எதிரே உட்கார்ந்த மாத்திரத்தில், உடம்பு குணப்பட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மனிதன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அவ்வாறு சொல்லப்பட்ட விஷயம் முன்னாளில் வைத்தியரின் நினைவிலோ, பூட்டிய பீரோவுக்குள் கிடந்த நோட்டுப் புத்தகத்திலோ தங்கிவிட்டது. இன்றோ அது பதிவு மேஜையின் கணினியிலிருந்து புறப்பட்டு, லேப், ஸ்கேன் மையம், மருந்தகம், காப்பீட்டு நிறுவனம், மென்பொருள் விற்றவரின் சர்வர் என்று பல இடங்களைச் சுற்றி, முடிவில் எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் குடியேறியிருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாமலும், பல சமயங்களில் மருத்துவமனை நிர்வாகிக்கே தெரியாமலும் போய்விடுகிறது.

இத்தகைய தகவலை எங்கே, எவர் வசம், என்ன நிபந்தனையின்பேரில் சேமித்து வைப்பது என்ற கேள்வியை, இரண்டு மூன்று விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுக் குறைந்த தொகை கேட்டவரிடம் கையெழுத்திட்டுத் தீர்த்துவிடுகிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. சேமிப்பிடத்தை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் பொறுப்பை ஒருபோதும் வாடகைக்கு விட முடியாது என்பதை நிர்வாகிகளும் நோயாளிகளும் ஒருசேர உணர வேண்டிய காலம் இது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தர்மமும் அதைத்தான் சொல்கிறது.

தகவல் யாருடைய சொத்து?

மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகள் இதற்குத் தெளிவான விடை கூறுகின்றன. பதிவு தங்கியிருக்கும் ஊடகம், அது தாளாயினும் கணினித் தட்டாயினும், மருத்துவமனையின் உடைமை. அதில் அடங்கிய தகவலோ நோயாளியின் உடைமை. நோயாளியின் சார்பில் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்துக் காப்பவரே மருத்துவமனை. ஒருவர் அடைக்கலமாகக் கொடுத்த பொருளை வாங்கி வைத்தவருக்கு என்ன கடமை உண்டோ, அதே கடமை இங்கும் உண்டு என்பதே இதன் தாத்பரியம்.

இந்த உரிமைக்குப் பின்னால் அரசியல் சட்டத்தின் பலமும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், அந்நோயாளிகளின் பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தகவல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தே ஆகவேண்டும் என்று விதித்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களின் ரகசியத்தையும், தன் பதிவுகளைத் தானே பார்க்கும் உரிமையையும் நோயாளிக்கு வழங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவர்களைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஆகவே, ரகசியமாக வைத்திருப்பது மாத்திரம் போதாது. கேட்டபோது முழுமையாக எடுத்துக் கொடுக்கும்படியாகவும் வைத்திருக்க வேண்டும். களவு போகாமலும் அழிந்து போகாமலும் காப்பது என்ற இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு.

அபாயம் வரும் வழிகள்

2022 நவம்பர் 23 அன்று தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சர்வர்கள் திடீரென்று செயலிழந்தன. புறநோயாளிப் பதிவு, லேப் முடிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் ஆகிய யாவும் கணினியை விட்டுக் கையெழுத்துக்கு இறங்கின. வெகுதூரத்திலிருந்து வந்து வரிசையில் நின்ற எளிய ஜனங்களே அதன் சிரமத்தை முதலில் அனுபவித்தார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் எவரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது என்றும், உள் வலைப்பின்னலை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காமையே இதற்குக் காரணம் என்றும் அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நல்வினைப் பயனாக, தாக்குதலுக்கு உட்படாத வேறொரு சர்வரில் பேக்கப் பிரதி இருந்தது. அதைக்கொண்டு இரண்டு வாரங்களில் பெரும்பாலான சேவைகள் மீண்டன. அந்தப் பிரதி மட்டும் இல்லாதிருந்தால், நோயாளிகளின் மருத்துவ வரலாறு மீளாமலே போயிருக்கக்கூடும்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கும் இத்தகைய சோதனை வந்ததுண்டு. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்னும், தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில், அங்குள்ள 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; 19,000-க்கும் மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அத்தாக்குதலைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. அதை நிறுவிக்கொள்ளாமல் தள்ளிப்போட்ட அசிரத்தையே வினையாயிற்று.

பூட்டை உடைத்து வருபவனைவிட, பூட்டாத கதவே அதிக ஆபத்து என்பதற்கும் சான்று உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களை 2019-இல் ஆராய்ந்த ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம், கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தவை 590 என்றும், 52 நாடுகளைச் சேர்ந்த 2 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை அவற்றின் வழியே எவரும் காணலாம் என்றும் கண்டறிந்தது. நமது தமிழகத்திலேயே, 2022 டிசம்பரில், ஒரு மருத்துவமனையின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணையச் சந்தையில் விலை கூறப்பட்டதாகவும், அவை மருத்துவமனையிடமிருந்து நேரே களவாடப்படாமல், அதற்குக் கணினிச் சேவை அளித்த வெளி நிறுவனத்தின் வழியே கசிந்தன என்றும் செய்தி வெளியாயிற்று.

இவை செய்தித்தாளுக்கு வந்த சம்பவங்கள். செய்தியாகாத கசிவுகள் நம் கண்ணெதிரே நாள்தோறும் நடைபெறுகின்றன. நர்ஸ்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பயனர் பெயர். அதன் கடவுச்சொல் மானிட்டரின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் பெயரும் வயதும் துலக்கமாகத் தெரிய, ஸ்கேன் படம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழைய கணினியை விற்கும்போது அதன் ஹார்ட் டிஸ்க் துடைக்கப்படாமலே காயலான் கடைக்குச் சேரும். கெடுதல் செய்யும் எண்ணம் எவருக்கும் இல்லாத இந்தச் சாதாரண அஜாக்கிரதையின் விளைவு, கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் பழைய சிகிச்சை விவரம் அவள் அறியாமல் பிறர் கைக்குப் போய்ச் சேருவதாகவோ, ஒரு தொழிலாளியின் நோய் விவரம் அவருடைய முதலாளியின் காதுக்கு எட்டுவதாகவோ முடியலாம். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். நோயின் வரலாறு வெளியே போனால் அதை மாற்றிக்கொள்ள வழியில்லை.

சேமிப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

சொந்தக் கட்டடத்தில் சர்வர் வைப்பது நல்லதா, கிளவுட் சேவையில் இடம் பெறுவது நல்லதா என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. எதுவும் தன்னளவில் பத்திரமானது என்று சொல்வதற்கில்லை. மாடிப்படிக்கு அடியில், பூட்டில்லாத அறையில், கவனிப்பார் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சொந்த சர்வரைவிட, நன்கு பரிபாலிக்கப்படும் கிளவுட் மேலானது. யாருடையது, எந்த நாட்டில் உள்ளது என்று தெரியாத மலிவான கிளவுடைவிட, திறமையான ஆட்கள் கவனிக்கும் சொந்த சர்வர் மேலானது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிகளுக்கு, தரைத்தளத்தில் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில அம்சங்களில் விட்டுக்கொடுத்தல் ஆகாது. தகவல் சேமிப்பில் இருக்கும்போதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறியாக்கத்தின் சாவி எவர் கையில் இருக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பெயரும், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பும், அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் அனுமதியும் தரப்பட வேண்டும். பில் போடுபவருக்கு மனநல ஆலோசனைக் குறிப்பைத் திறக்கும் அவசியம் இல்லை. எவர், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்ற நடமாட்டக் குறிப்பு தானாகவே எழுதப்பட வேண்டும். இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, இக்குறிப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் எதுவும் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

பேக்கப் விஷயத்தில் அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் நியமம் எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வெளியூரில். அந்த ஒன்று அன்றாட வலைப்பின்னலோடு தொடர்பற்றதாய் இருத்தல் உத்தமம். ஏனெனில், முதன்மைச் சர்வரைப் பூட்டுபவன் அதனோடு இணைந்த பிரதியையும் சேர்த்தே பூட்டிவிடுவான். ஆனால், பிரதி எடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருப்பது பெரிய பிழை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை உண்மையாகவே மீட்டுப் பார்த்து, அது முழுமையாக வருகிறதா, எத்தனை நேரம் ஆகிறது என்று எழுதி வைக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி இருப்பது, இல்லாததை இருப்பதாக எண்ணியிருப்பதே ஆகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சேவை தரும் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் நிர்வாகி தாமே உட்கார்ந்து கேட்டுத் தெளிய வேண்டிய கேள்விகள் சில உள்ளன. தகவல் எந்த நாட்டில், எந்த நகரத்தில் தங்கும்? மத்திய மின்னணு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கிளவுட் சேவை இருக்கிறதா? ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் எந்தச் சேவைக்கு, எந்தத் தேதிவரை செல்லும்? உங்கள் ஊழியரில் எவரெவர் எங்கள் நோயாளியின் பதிவைத் திறக்க முடியும்? நீங்கள் வேலையை மற்றொருவருக்குப் பகிர்ந்து கொடுப்பதுண்டா? கசிவு நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? நாளை நாங்கள் விலகினால், தகவலை எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள், உங்களிடமுள்ள பிரதிகளை அழித்ததற்கு என்ன அத்தாட்சி கொடுப்பீர்கள்? இவற்றுக்கு எழுத்துமூலம் பதில் தரத் தயங்குகிற நிறுவனத்திடம், எவ்வளவு மலிவாயினும், நோயாளியின் அந்தரங்கத்தை ஒப்படைக்கலாகாது.

ஏனெனில், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதப்பட்டிருந்தபோதிலும், வெளி நிறுவனம் செய்த பிழைக்கும் தகவலைத் திரட்டிய ஸ்தாபனமே பொறுப்பு என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவை அறிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்; தகவல் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே அறிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் அளிக்க வேண்டும். இக்கடமைகள் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அவகாசம் ஆயத்தம் செய்துகொள்வதற்காகத் தரப்பட்டதே தவிர, உறங்குவதற்காகத் தரப்பட்டதன்று.

நோயாளிக்கு உள்ள பரிகாரங்கள்

தன் பதிவின் நகலை வேண்டுவோர் வாய்மொழியாகக் கேட்பதோடு நில்லாமல், தேதியிட்டு எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்வது நலம். 72 மணி நேரம் கடந்தும் கிடைக்காவிடில் மாநில மருத்துவக் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அபா எனப்படும் 14 இலக்க சுகாதார எண்ணைப் பெறுவது அவரவர் விருப்பத்தைச் சேர்ந்தது; அதன் வழியே பதிவுகளைப் பிறர் காண்பதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். கையொப்பத்துக்காக நீட்டப்படும் சம்மதப் படிவத்தைப் படித்து, எதற்காக, எவருக்கு என்று கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

தகவல் கசிந்ததாக அறிய நேர்ந்தால், முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் தெரிவித்து, எந்தெந்த விவரங்கள் போயின என்று விளக்கம் கேட்க வேண்டும். அத்தகவலை வைத்து எவரேனும் மிரட்டினாலோ, பணம் பறிக்க முயன்றாலோ, 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவை உடனே அழைக்க வேண்டும். வந்த செய்திகளை அழிக்காமல் சான்றாகக் காப்பாற்ற வேண்டும். தனியார் மருத்துவமனையின் அசிரத்தையால் நஷ்டம் நேர்ந்தவர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ், 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் நஷ்டஈடு கோரலாம். மருத்துவப் பதிவுகள் உணர்திறன் மிக்க தனிநபர் தகவல் என்று அச்சட்டத்தின்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் விதிகளே வகைப்படுத்தியிருக்கின்றன.

இங்கே ஒரு குறையை எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும். 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்போது இந்த 43ஏ பிரிவு நீக்கப்படும்; புதிய சட்டத்தின்கீழ் வசூலாகும் அபராதமோ அரசின் கருவூலத்துக்குப் போகுமேயன்றி, அந்தரங்கம் பறிபோன நோயாளியின் கைக்கு ஒரு காசும் வராது. குற்றம் செய்த ஸ்தாபனம் தண்டிக்கப்படுவது நியாயந்தான். ஆனால் காயம்பட்டவருக்கு மருந்து கிடைக்காத நியாயம் பூரணமாகாது. நஷ்டஈட்டுக்கான வழியைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்று நோயாளர் நலன் நாடும் சங்கங்களும், வழக்கறிஞர்களும், சட்டமியற்றும் பிரதிநிதிகளும் குரல் எழுப்ப வேண்டும்.

அதுவரை மருத்துவமனைகள் காத்திருக்க வேண்டிய நியாயமில்லை. அபராதத்துக்கு அஞ்சிச் செய்யும் பாதுகாப்பு, தணிக்கைக்காரர் வரும் நாளோடு தளர்ந்துபோகும். நோயாளி தம்மை நம்பிச் சொன்னார் என்ற நினைவோடு செய்யும் பாதுகாப்பே நிலைத்து நிற்கும். தம்முடைய ரகசியம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை குலைந்தால், நோயாளி மருத்துவரிடம் பாதியை மறைப்பார். பாதி அறிந்து செய்யும் வைத்தியம் பிழைபட்டுப்போகும். ஆதலால், தகவலைக் காப்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்று கருதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் விஷயமாக, நம் நோயாளிகளின் பதிவுகள் இன்று எங்கே இருக்கின்றன என்ற கேள்வியை ஒவ்வொரு மருத்துவமனையும் எடுத்துக்கொள்ளட்டும்.